தூங்குமூஞ்சி மரத்தில் மாட்டிய தண்ணீர் ராக்கெட்டை இறக்கும் முறை

மரத்தில் மாட்டிய ராக்கெட் கைவிட்டுப் போவது பெரும்பாலும் முதல் பத்து நிமிடத்தில்தான். கீழே நிற்பவர்கள் செருப்பு, பந்து, கல் என்று கையில் கிடைத்ததை எறிவார்கள். கிளை நுனியில் தொங்கிக்கொண்டிருந்தது அதில் உள்கிளைக்குப் போய்விடும். பாராசூட் நூல் இன்னும் இரண்டு சுள்ளிகளைச் சுற்றிக்கொள்ளும். செருப்பும் மேலேயே தங்கிவிடும்.

அதனால் முதல் வேலை எல்லோரையும் மரத்தடியிலிருந்து விலக்கி, ஐந்து நிமிடம் அண்ணாந்து பார்ப்பது. இறக்கும்போது இழுக்க வேண்டியது ராக்கெட்டை அல்ல, அதைப் பிடித்திருக்கும் கிளையை. கிளை ஆடினால் நூல் தானே நழுவும். ராக்கெட்டை இழுத்தால் நூல் இறுகும்.

கரிமருந்து மோட்டார் வைத்த ராக்கெட் விட இங்கே மலேசியாவில் 1957-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டம் குறுக்கே நிற்கும். அதனால் பினாங்கில் பள்ளித் திடலிலும் தாமான் (குடியிருப்பு) திடலிலும் பறப்பது தண்ணீர் ராக்கெட்தான்: ஒன்றரை லிட்டர் குளிர்பானப் பாட்டில், மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், சைக்கிள் பம்பில் 5 பார் அழுத்தம், மூக்கில் மடித்து வைத்த பாராசூட். காலியாக 150 கிராம் எடை, ஏறுவது ஏறக்குறைய 50 மீட்டர். கீழே உள்ள கணக்கெல்லாம் இந்த அளவு ராக்கெட்டுக்கு. மோட்டார் ராக்கெட் என்றாலும் இறக்கும் முறை இதேதான்.

எந்த மரம், எந்த நேரம்

தூங்குமூஞ்சி மரம் குடை மாதிரி விரியும். உயரம் இருபது மீட்டர் என்றால் அகலம் அதைவிடக் கூடுதலாக இருக்கும். ராக்கெட் பெரும்பாலும் குடையின் மேல்பரப்பில்தான் உட்காரும். கீழே நின்றால் வால் மட்டும் தெரியும், சில சமயம் அதுவும் தெரியாது. கிளைகள் நீளமாகவும் ஏறக்குறைய படுத்த நிலையிலும் போவதால் ஆட்டுவதற்கு இதைவிட நல்ல மரம் கிடையாது. ஆனால் கிளை முழுக்கப் பறவைக்கூட்டுப் பெரணியும் ஒட்டுக்கொடியும் மண்டியிருக்கும். எறிகிற கயிறு பெரணிக் கொத்தின் நடுவில் விழுந்தால் திரும்பி வராது. குறிபார்க்கும்போது பெரணி இல்லாத கிளைத்துண்டாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

மலாய்க்காரர்கள் இந்த மரத்தை ‘புக்குல் லீமா’ என்பார்கள், ஐந்து மணி மரம். மாலையில் இலை மடங்குவதால் வந்த பெயர். இலை மடங்கியதும் கிளைகளுக்கிடையே வானம் தெரியும். பகலில் பச்சைக்குள் மறைந்திருந்த பாட்டிலும் கயிறு போக வேண்டிய இடைவெளியும் அப்போது கண்ணுக்குப் பிடிபடும். 1982 ஜனவரி முதல் தேதி தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளிவைத்தது. மரத்துக்கு அது யாரும் சொல்லவில்லை. ஆகவே ஐந்து மணிக்கே போய் நின்று ஏமாறாதீர்கள். ஆறு மணி அளவில் ஆரம்பித்தால் வெளிச்சம் போவதற்குள் ஒரு மணி நேரம் வேலை செய்யலாம். மழைமேகம் சூழ்ந்து இருட்டிக்கொண்டு வரும்போதும் இலை மடங்கும், ஆனால் அது மரத்தடியில் நிற்கிற நேரம் இல்லை. இடி காதில் விழுந்தால் கம்பையும் கயிற்றையும் போட்டுவிட்டுக் கட்டடத்துக்குள் போய்விடுங்கள். கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் கழித்து வெளியே வந்தால் போதும்.

மற்ற மரங்களைப் பற்றிச் சுருக்கமாக. அங்சானா மரத்தின் கிளை உறுதியாகத் தெரியும், ஆனால் புயல்காற்றில் ஒடிந்து விழுவது அதன் வழக்கம். பட்ட கிளையில் கயிறு போட வேண்டாம். பத்து பெரிங்கி பக்கம் கடற்கரையோரம் நிற்கும் சவுக்கு மரத்தில் கிளை மெல்லியது. கயிறு வழுக்கி நுனிக்கு வந்துவிடும், ஆனால் லேசாக ஆட்டினாலே ராக்கெட் விழுந்துவிடும். தென்னையில் மட்டைக்கும் குலைக்கும் நடுவே விழுந்துவிட்டால் கயிறு உதவாது. தேங்காய் பறிக்க வருகிறவரிடம் சொல்லிவைப்பதே வழி. மா, ரம்புத்தான் மரங்கள் உயரம் குறைவு, கம்பே எட்டும். அங்கே தொல்லை வேறு, அதைப் பின்னால் பார்ப்போம்.

கயிறு போடும் முன் பார்க்க வேண்டியவை

ராக்கெட் எந்தத் திசையிலிருந்து வந்து மாட்டியது என்று விட்டவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பாராசூட் காற்றோடு வந்து கிளையில் மோதும். துணி கிளையைத் தாண்டி அந்தப் பக்கம் விழும், பாட்டில் வந்த பக்கத்திலேயே தொங்கும். வந்த வழியே திரும்ப எடுத்தால் நூல் ஒரு சுற்றுக்கூட கூடாமல் அவிழும். எதிர்ப்பக்கம் இழுத்தால் நூல் முழுவதும் கிளை நுனிகளை வாரிக்கொண்டு வரும். இந்த ஒன்றைக் கவனித்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

அடுத்து மின்கம்பி. மரத்துக்குள்ளோ பக்கத்திலோ கம்பி ஓடுகிறதா என்று இரண்டு பக்கமிருந்தும் பாருங்கள். நம் கணக்கு எளிது: கையில் உள்ள கம்பின் நீளத்தைப்போல ஒன்றரை மடங்குத் தூரத்துக்குள் கம்பி இருந்தால் அந்த ராக்கெட்டைத் தொடுவதில்லை. ராக்கெட்டே கம்பியில் தொங்கினால் 15454-க்கு, அதாவது மின் நிறுவனமான தெனாகா நேஷனலின் உதவி எண்ணுக்கு, அழைத்துச் சொல்லிவிட்டு அங்கிருந்து விலகுங்கள். அலுமினியம் மின்சாரம் கடத்தும் என்பது எல்லோருக்கும் தெரியும். தூண்டில் கடையில் கிடைக்கும் கார்பன் கம்பும் கடத்தும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. பச்சை மூங்கிலும் நனைந்த கயிறும் அப்படித்தான்.

மூன்றாவது, குளவிக் கூடு. தெபுவான் கூடு காகித உருண்டை மாதிரி கிளையில் தொங்கும், சில சமயம் பானை அளவுக்கு. கண்ணில் பட்டால் அந்த மரத்தை ஆட்டக்கூடாது. கூட்டை அகற்ற பொம்பாவோ (தீயணைப்புப் படை) பொதுத் தற்காப்புப் படையோ வருவார்கள். ராக்கெட்டை இறக்க அவர்களைக் கூப்பிடுவது நியாயம் இல்லை.

திடல் யாருடையதோ அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது. பள்ளி என்றால் காவலரிடம், பொதுத் திடல் என்றால் தீவில் பினாங்கு மாநகர் மன்றம், எதிர்க்கரையில் செபராங் பிறை மாநகர் மன்றம். சாலையோர மரத்தின் கிளையை வெட்டுவது நம் வேலை இல்லை. ரம்பம் எடுத்துப் போகவே வேண்டாம், எடுத்துப் போனால் வெட்டத்தான் தோன்றும்.

பெட்டியில் இருக்க வேண்டியவை

கயிறு மூன்று தடிமனில் வேண்டும். முதலாவது தூண்டில் நரம்பு, நம் ஊரில் தாங்சி என்று கேட்டால் கொடுப்பார்கள். 0.30 மி.மீ., சுமார் 5 கிலோ தாங்குவது, 100 மீட்டர். இரண்டாவது ஹார்ட்வேர் கடையில் கொத்தனார் சுவருக்கு மட்டம் பிடிக்க வாங்கும் பின்னல் நைலான் நூல், 1.5 மி.மீ., 60 மீட்டர். ஆரஞ்சு அல்லது பளிச்சென்ற மஞ்சள் நிறமாகப் பார்த்து வாங்குங்கள், பச்சையோ வெள்ளையோ மரத்துக்குள் தெரியாது. மூன்றாவது ஆட்டுவதற்கான கயிறு, 4 அல்லது 5 மி.மீ. பாலியெஸ்டர், 50 மீட்டர். இருபது மீட்டர் கிளைக்கு ஏன் ஐம்பது என்றால், ஏறும் நீளம், இறங்கும் நீளம், அதற்குமேல் நாம் தள்ளி நிற்பதற்கான நீளம் எல்லாம் சேர வேண்டும்.

ஒரே தடித்த கயிற்றை நேராக எறிய முடியாதா? முடியாது, அதன் எடையே முனையில் கட்டி எறியும் எறிபையைப் பின்னால் இழுத்துவிடும். நரம்பை மட்டும் வைத்து ஆட்ட முடியாதா? அது பட்டையில் அறுத்துக்கொண்டு இறங்கி அறுந்துபோகும், உள்ளங்கையையும் கிழிக்கும். ஒன்றை வைத்து அடுத்ததை ஏற்றுவதுதான் வழி. மீன்பிடிக்கும் பின்னல் நரம்பு வழுக்கலாகவும் வலுவாகவும் இருக்கிறதே என்று சிலர் அதைத் தேர்வார்கள். அது தூரமாகப் போகும், உண்மைதான். ஆனால் சுள்ளியில் சுற்றிக்கொண்டால் அறுக்கவே முடியாது, மரத்திலேயே நிரந்தரமாகத் தொங்கிப் பறவைக் காலில் மாட்டும். சாதாரண நரம்பு அறுந்துவிடும் என்பதே இங்கே அதன் நல்ல குணம்.

எறிபை: பழைய ஜீன்ஸ் காலிலிருந்து வெட்டிய துணியில் 3 செ.மீ. குறுக்களவு, 10 செ.மீ. நீளத்தில் குழாய் மாதிரி தைத்து, 300 கிராம் ஈயக் குண்டு போட்டு, இரண்டு முனையும் கூராகக் கட்டிவிட வேண்டும். மணல் போட்டாலும் எடை வரும், ஆனால் அதே 300 கிராமுக்குப் பை மூன்று நான்கு மடங்கு பருத்துவிடும். பருத்த பை கிளைக் கவட்டையில் உட்காரும். பச்சைப்பயறு போட்டுத் தைப்பவர்களும் உண்டு. ஒருமுறை நனைந்தால் முளைவிடும்.

லாஸ்திக்கால், அதாவது உண்டிவில்லால், விடுவதற்கான ஈயம் தனி. 40 கிராம், நீர்த்துளி வடிவம், தலையில் வளையம் நீட்டிக்கொண்டிருக்காதது. வளையம் இருந்தால் நரம்பைக் கட்டியபின் மின்வேலை டேப்பைச் சுற்றி முனையை வழவழவென்று ஆக்கிவிடுங்கள். 28 கிராம் ஈயம் நன்றாகப் பறக்கும், ஆனால் இரண்டு கிளைகளில் உரசினால் தன் எடையில் கீழே வராது. தூங்குமூஞ்சிப் பட்டை அவ்வளவு சொரசொரப்பு.

இவற்றோடு ஒரு வாளி, டேப், கண்ணைக் காக்கும் கண்ணாடி, தலைக்கவசம், தோல் கையுறை. வாளி எதற்கென்றால் நூலைப் போட்டு வைக்க. நூலை வட்டமாகச் சுருட்டக்கூடாது, சுருட்டிய நூல் எறியும்போது கொத்தாக எழும்பி முடிச்சாகும். வாளிக்குள் கைக்குக் கை மாற்றி மாற்றி அப்படியே கொட்டிவிட்டால் கடைசியில் விழுந்தது முதலில் வெளியேறும், சிக்கல் வராது. புல்லில் போட்டால் தொட்டாச்சிணுங்கி முள் அத்தனையும் நூலில்தான்.

கையால் எறிவது

பன்னிரண்டு மீட்டருக்குக் கீழே என்றால் லாஸ்திக் தேவையில்லை. நூலை எறிபையில் இழுத்தால் அவிழும் முடிச்சாகக் கட்டுங்கள். பையிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நூலை மடித்து, இரண்டு கையாலும் பிடித்து, கால்களுக்கிடையே ஊஞ்சல் மாதிரி மூன்று முறை ஆட்டி, கை கண்மட்டத்தைத் தாண்டும்போது விட வேண்டும். தோளுக்குமேல் கல் எறிவதுபோல எறிந்தால் தூரம் போகுமே தவிர உயரம் போகாது, குறியும் நிற்காது.

குறி ராக்கெட் அல்ல. ராக்கெட் உட்கார்ந்திருக்கும் கிளையில், அதிலிருந்து அடிமரத்தின் பக்கமாக ஒன்று அல்லது ஒன்றரை மீட்டர் தள்ளி, மணிக்கட்டுத் தடிமன் உள்ள இடம். நுனிப்பக்கம் போட்டால் ஆட்டம் அதிகம், ஆனால் கயிறு நுனிக்கு வழுக்கி வெளியேறிவிடும், அல்லது கிளை ஒடியும். அடிமரத்தை ஒட்டிப் போட்டால் நான்கு பேர் இழுத்தாலும் கிளை அசையாது.

பை கிளையைத் தாண்டி மறுபக்கம் தொங்கினால் பாதி வெற்றி. இடையில் வேறு இரண்டு மூன்று கிளைகளின்மேலும் நூல் கிடக்கும். அப்படியே ஆட்டினால் எல்லாக் கிளையும் கொஞ்சம் கொஞ்சம் அசைந்து எதுவும் விழாது. ஆகவே பையை மெல்ல மேலே இழுத்து, வேண்டாத கிளையின் விளிம்புக்கு வந்ததும் சட்டென்று ஒரு சுண்டு, உடனே தளர்த்து. பை அந்தக் கிளையைத் தாண்டி இந்தப் பக்கம் விழும். இதற்குப் பொறுமை வேண்டும், பத்துத் தடவையில் மூன்று தடவை வாய்க்கும்.

தவறான இடத்தில் விழுந்த நூலைத் திருப்பி எடுக்கும்போது பையோடு இழுக்கவே கூடாது. கவட்டையில் பை மாட்டினால் அதோடு சரி. பையைத் தரைவரை இறக்கி, முடிச்சை அவிழ்த்துப் பையைக் கழற்றி, வெறும் நூலை இழுங்கள். நூல் முனையிலும் முடிச்சு இருக்கக்கூடாது. நைலான் பிரிந்துவருகிறதே என்று முனையைத் தீயில் காட்டி உருட்டி வைப்பவர்கள் உண்டு. அந்தக் குண்டு போதும் மாட்டிக்கொள்ள. உருகிய சூட்டிலேயே ஈரத் துணியால் கூராக இழுத்துவிடுங்கள்.

லாஸ்திக்

பன்னிரண்டுக்கு மேல் லாஸ்திக். கைப்பிடிக்குக் கீழே தூண்டில் ரீலைக் குழாய்க் கிளிப் இரண்டால் இறுக்கிக் கட்டலாம். மூடிய முகப்புள்ள ரீல் என்றால் பொத்தானை அழுத்திவிட்டால் போதும். திறந்த ரீல் என்றால் கம்பி வளையத்தைத் திறந்துவைக்க மறந்து விடுபவர்கள்தான் அதிகம். மறந்தால் நரம்பு பட்டென்று அறுந்து, 40 கிராம் ஈயம் எங்கேயோ போகும். அந்த ஈயம் தடையில்லாமல் பறந்தால் திடலைத் தாண்டிவிடும். எனவே கட்டடம், கார் நிறுத்துமிடம், சாலை எல்லாம் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும், முன்னால் மரமும் வெற்றுத் திடலும் மட்டும். விடுபவர் பெரியவர் ஒருவர், மற்றவர் எல்லாம் அவருக்குப் பின்னால். பொதுப் பூங்காவில் ஞாயிற்றுக்கிழமை மாலை இதைச் செய்யவே வேண்டாம்.

மரத்தின் உயரம் அளவுக்குத் தள்ளி நின்று, கிளைக்கு இரண்டு மீட்டர் மேலே குறிவையுங்கள். ஈயம் கிளையைத் தாண்டிய கணமே ரீலில் விரலை மெல்ல வைத்து நரம்பை உரசவிட வேண்டும். அப்படிச் செய்தால் ஈயம் வேகம் இழந்து கிளைக்கு அருகிலேயே நேராக விழும். செய்யாவிட்டால் மரத்தின் அந்தப்புறம் முப்பது மீட்டர் போய், வழியில் உள்ள எல்லாக் கிளைமேலும் நரம்பைப் பரப்பிவிடும். முதல் நாள் யாருக்கும் இந்த விரல் பழக்கம் வராது. மரம் இல்லாத இடத்தில், கோல்கம்பத்துக்கு மேலே விட்டு இருபது தடவை பழகிக்கொள்ளுங்கள்.

ஈயம் பாதியில் தொங்கி நின்றால் நரம்பைத் தளர்த்தி, கையால் சிறு அலைகளாக உதறுங்கள். ஒவ்வொரு உதறலுக்கும் ஒரு சாண் இறங்கும். இறங்கவே இல்லை என்றால் இழுத்து எடுத்துவிட்டு 56 கிராம் ஈயம் மாட்டிப் பாருங்கள்.

ஈயம் தரைக்கு வந்ததும் அதை வெட்டிவிட்டு, நரம்பு முனையில் கொத்தனார் நூலைக் கட்ட வேண்டும். நூல் முனையை மடித்து, நரம்பால் ஆறு சுற்றுச் சுற்றி முடித்து, அதன்மேல் 5 செ.மீ. நீளத்துக்கு டேப்பைக் கூம்பாகச் சுற்றுங்கள். நரம்புப் பக்கம் மெல்லியதாக, நூல் பக்கம் தடிமனாக. பிறகு ரீலைச் சுழற்றி இழுக்காதீர்கள், ரீலின் பல் போய்விடும். கையுறையோடு கையால் இழுங்கள். இணைப்பு கிளையில் முட்டி நின்றால் பலத்தைக் காட்டாமல் ஒரு முழம் பின்வாங்கி, காற்றில் கிளை அசையும்போது மறுபடி இழுத்தால் தாண்டிவிடும். கொத்தனார் நூலுக்குப் பின்னால் தடித்த கயிற்றையும் இப்படியே ஏற்றுங்கள்.

மரம் பராமரிக்கும் வேலைக்காரர்கள் வைத்திருக்கும் பெரிய லாஸ்திக் வேறு ரகம். 2.4 மீட்டர் கம்பின் நுனியில் இருக்கும், கம்பைத் தரையில் ஊன்றி எறிபையையே விடலாம், முப்பது மீட்டர் எட்டும். நரம்பு, நூல் என்ற இரண்டு கட்டமும் மிச்சம். வாங்க முடிந்தால் அதற்கு ஈடு இல்லை.

ஆட்டுவது

கயிற்றின் இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்து, ராக்கெட் வந்த பக்கம் நகர்ந்து, கிளைக்கு நேர் கீழே இல்லாமல் கிளை உயரத்தின் பாதிக்காவது தள்ளி நின்றுகொள்ளுங்கள். ஒடிந்தால் கிளை நேர் கீழேதான் விழும். தலைக்கவசம் இல்லாதவர் கயிற்றைத் தொடக்கூடாது.

தொங்கிக்கொண்டு இழுப்பதில் பயன் இல்லை. மெல்ல இழுத்து விடுங்கள், கிளை மேலே போய் மறுபடி கீழே இறங்கத் தொடங்கும்போது இன்னொரு இழு. ஊஞ்சல் தள்ளுகிற அதே தாளம். ஏழெட்டு இழுப்பில் ஒரு ஆள் பலத்திலேயே தொடைத் தடிமன் கிளை ஒரு முழம் ஆடும். தாளம் பிடிபட்டதும் சட்டென்று நிறுத்தி, கிளை மேலே போகும் நேரம் கயிற்றை இறுக்கிப் பிடித்துவிடுங்கள். அந்தத் திடீர் நிறுத்தத்தில்தான் பாட்டில் குதித்து வெளியே வரும். ஒரே சீராக ஆட்டிக்கொண்டே இருந்தால் ராக்கெட்டும் கிளையோடு சேர்ந்து ஆடிக்கொண்டே இருக்கும், விழாது.

இருபது முறை ஆட்டியும் நூல் நழுவவில்லை என்றால் கயிற்றை அரை மீட்டர் நுனிப்பக்கம் நகர்த்துங்கள். இரண்டு முனையையும் ஒருசேர மேல்நோக்கி அலையடித்தால் கயிறு கிளைமேல் நடக்கும். அதற்கும் அசையாவிட்டால் இரண்டாவது நூலை பாட்டிலுக்கும் பாராசூட்டுக்கும் இடையே உள்ள நூலின்மேல் போட்டு, ஒருவர் ஆட்ட மற்றவர் வந்த வழியில் லேசாக இழுக்க வேண்டும். லேசாக என்றால் இரண்டு விரலால்.

கம்பு

எட்டு ஒன்பது மீட்டருக்குள் கம்புதான் வேகம். செம்பனைத் தோட்டங்களில் குலை அறுக்கும் அலுமினியக் கம்பு நீளத்துக்கும் விறைப்புக்கும் அருமையானது, அரிவாளைக் கழற்றிவிட்டு எடுத்து வாருங்கள். மின்கம்பி அறவே இல்லாத இடத்தில் மட்டும் அது. சந்தேகம் இருக்கும் இடத்தில் கண்ணாடியிழைக் கம்பும் வேண்டாம், விட்டுவிடுவதே சரி.

கம்பு நுனியில் 3 மி.மீ. கம்பியை 8 செ.மீ. அகலக் கொக்கியாக வளைத்து, பழைய சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டி இறுகச் சுற்றிக் கட்டுங்கள். டேப் மட்டும் என்றால் வெயிலில் பசை இளகிக் கொக்கி சுழன்றுவிடும். கொக்கியைப் பாராசூட் துணியில் மாட்டி இழுத்தால் துணி கிழியும். துணிக்குள் நுழைத்துக் கம்பையே திருகுங்கள், ஆறேழு சுற்றில் துணியும் நூலும் மீகோரெங் கரண்டியில் சுருள்வதுபோலக் கம்பில் சுற்றிக்கொள்ளும். பிறகு கம்போடு சேர்த்து மேல்நோக்கித் தூக்கி, கிளையிலிருந்து விலக்கி, அப்புறம் இறக்குங்கள். முதலில் மேலே தூக்க வேண்டும் என்பதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

மாமரத்தில் கெரெங்கா, அதாவது கடிக்கும் முசுறு எறும்பு. இலைகளைச் சேர்த்துத் தைத்த கூடு ஒன்று கண்ணில் பட்டால் பத்து இருக்கும். கம்பு கிளையைத் தொட்டதும் கம்பு வழியாகவே அணிவகுத்து இறங்கி வரும். கம்பின் நடுவில் ஒரு முழத்துக்குத் துணியைச் சுற்றி மண்ணெண்ணெய் நனைத்துவிட்டால் கொஞ்சம் தாமதிக்கும். கழுத்துப்பட்டை உள்ள முழுக்கைச் சட்டை போட்டிருந்தால் இன்னும் கொஞ்சம்.

மரம் ஏறுவதை இதில் எழுதவில்லை. தூங்குமூஞ்சியின் அடிமரத்தில் ஏறுவது எளிது, ராக்கெட் இருக்கும் நுனிக்குப் போவதுதான் முடியாதது. தெரிந்து செய்கிறவர்கள் சேணமும் இரட்டைக் கயிறும் போட்டு ஏறுகிறார்கள். டிரோனில் நூல் கட்டிக் கொண்டுபோய்ப் போடலாம், நன்றாக வேலை செய்யும். ஆனால் தீவில் பாயான் லெப்பாஸ் விமான நிலையம், எதிர்க்கரையில் பட்டர்வொர்த் விமானப்படைத் தளம் என்று இரண்டு பக்கமும் கட்டுப்பாட்டு வான்வெளி. சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதியைக் கேட்டுக்கொண்டு அப்புறம் பேசலாம்.

இறங்கிய பாட்டில்

மரத்திலிருந்து வந்த பாட்டிலை அன்றே மறுபடி ஏவ வேண்டாம். கழுவித் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வெள்ளையாக மடிந்த கோடு தெரிந்தால் வெட்டிப் போட்டுவிடுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் வெயிலில் தொங்கியிருந்தால் பார்க்கவே வேண்டியதில்லை, பாட்டில் குப்பைக்கு, துடுப்பும் மூக்கும் அடுத்த ராக்கெட்டுக்கு. மீதியுள்ளதைக் கழுத்துவரை தண்ணீர் நிரப்பி, 5 பாருக்கு விடுவது என்றால் 7.5 பார்வரை ஏற்றி ஒரு நிமிடம் வைக்க வேண்டும். முழுக்கத் தண்ணீர் இருக்கும்போது வெடித்தாலும் ஒரு சிறு சத்தமும் ஈரச் சட்டையும்தான். காற்றை மட்டும் நிரப்பிச் சோதிப்பது வெடிகுண்டு செய்வதற்குச் சமம்.

மாட்டாமல் இருக்க

பாராசூட் பெரிதாக இருந்தால் நல்லது என்ற எண்ணம்தான் பாதி ராக்கெட்டை மரத்துக்கு அனுப்புகிறது. 150 கிராம் ராக்கெட்டுக்கு 68 செ.மீ. குறுக்களவு பாராசூட் கட்டினால் வினாடிக்கு சுமார் 3 மீட்டர் வேகத்தில் இறங்கும். 50 மீட்டரிலிருந்து தரைக்கு வர 17 வினாடி. கடற்காற்று வினாடிக்கு 4 மீட்டர் என்றால் அதற்குள் 68 மீட்டர் நகர்ந்திருக்கும். அது பள்ளித் திடலைத் தாண்டி வேலியோர மரத்துக்கான தூரம். 40 செ.மீ. பாராசூட் என்றால் வினாடிக்கு 5 மீட்டர், இறங்க 10 வினாடி, நகர்வது 40 மீட்டர். அந்த வேகத்தில் தரையில் படுவது, இடுப்புக்குச் சற்று மேலிருந்து கைநழுவி விழுவதற்குச் சமம். பாட்டிலுக்கு ஒன்றும் ஆகாது.

காலை ஏழரை முதல் ஒன்பதுவரை பினாங்கில் காற்று பெரும்பாலும் அடங்கியிருக்கும். கடற்காற்று முற்பகலில் எழுந்து பிற்பகலில் வலுக்கும். மாலை நிகழ்ச்சியாகத்தான் வைக்க வேண்டும் என்றால் ஏவுமேடையைத் திடலின் நடுவில் வைக்காமல், காற்று வரும் பக்கத்து ஓரத்தில் வையுங்கள்.

கடைசியாக, அறும் நூல். பாராசூட்டின் எல்லா நூலும் சேரும் இடத்துக்கும் ராக்கெட்டின் நூலுக்கும் நடுவே, சாதாரணத் தையல் நூல் மூன்று இழையால் இரண்டு செ.மீ. இணைப்புப் போடுங்கள். பறக்கும்போது பாராசூட் விரியும் உதறலைத் தாங்க வேண்டும், மரத்தில் மாட்டி நாம் இழுத்தால் அறுந்து பாட்டிலாவது கீழே வர வேண்டும். தையல் நூல் கடைக்குக் கடை மாறும் என்பதால் வாங்கியதும் சோதியுங்கள். தண்ணீர் நிரப்பிய ஒன்றரை லிட்டர் பாட்டில் ஒன்றை அந்த இணைப்பில் தொங்கவிட்டால் அறக்கூடாது, மூன்று பாட்டிலைச் சேர்த்துத் தொங்கவிட்டால் அறுந்தே ஆக வேண்டும். ஒன்றிலேயே அறுந்தால் இழையைக் கூட்டுங்கள், மூன்றிலும் அறாவிட்டால் குறையுங்கள். ஒவ்வொரு ஏவலுக்கும் புது நூல், வெயில்பட்ட பழைய நூல் நடுவானிலேயே அறுந்துவிடும்.

இப்படி அறுந்தால் பாராசூட் மேலே தங்கும். துடுப்பில் மட்டுமல்லாமல் பாராசூட் துணியிலும் அழியாத மையில் பள்ளியின் பெயரை எழுதிவையுங்கள். ஏப்ரலிலிருந்து நவம்பர்வரை விடியற்காலையில் அடித்துவிட்டுப் போகும் சுமத்ரா காற்றுக்கு மறுநாள் காலை மரத்தடியில் போய்ப் பாருங்கள். செருப்பும் அங்கேதான் கிடக்கும்.